காணி மாமாவுடையது, கோழி யாருடையது?

கேள்வி: நான் மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் என் பெரியம்மா மகன் டிசம்பரில் வருகிறார். அங்கே அவர் லைசன்ஸ் எடுத்து ‘ஃபெசன்ட்’ என்ற கோழியைச் சுடப் போகிறவர். இங்கே வந்தால் எனக்கும் வேட்டை பழக்கிவிடுவதாகச் சொல்கிறார். காட்டுக்குள் போய்ச் சுடுவது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு மிளகுக் காணி இருக்கிறது. பன்றிக்காக எடுத்த லைசன்ஸ் துவக்கும் அவரிடம் இருக்கிறது. அவருடைய சம்மதத்தோடு அந்தக் காணிக்குள் வரும் காட்டுக்கோழியைச் சுடலாமா? அரசாங்கக் காணிக்கும் சொந்தக் காணிக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம்?

பதில்: சுட முடியாது. அரச காணியிலும் முடியாது, மாமாவின் காணியிலும் முடியாது. மாமா கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தாலும் முடியாது. வாசகர் கேட்ட வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பிடிபட்டவர் மீது எத்தனை குற்றச்சாட்டு, எந்தத் திணைக்களம் வழக்குப் போடும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். சுடலாமா கூடாதா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கனடாக்காரர் கதை விடவில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில், ஈரி ஏரிக்குள் இருக்கும் பீலி தீவில் 1932 முதல் ஃபெசன்ட் வேட்டை நடக்கிறது. வளர்த்த பறவைகளை வேட்டை நாட்களுக்காக வெளியே விடுகிறார்கள். அங்கே துவக்கு தூக்குவதற்கு முன் ஒருவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும், அட்டை எடுக்க வேண்டும், உரிமம் வாங்க வேண்டும். தனியார் வயலுக்குள் இறங்க உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். அமெரிக்காவின் தென் டகோட்டாவிலும் இதே மாதிரித்தான். ஒக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை பருவம் திறக்கும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல். அந்த ஊர்களில் வேட்டைக்குப் புதிதாக வருபவர் முதலில் கேட்பதே ‘பொது நிலமா, தனியார் நிலமா?’ என்பதுதான். பெரியம்மா மகனின் தலையில் இருப்பது அந்தக் கணக்கு.

ஆனால் அந்தப் பறவை அங்கே வந்தேறி. சீனாவிலிருந்து போனது. ஷங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் ஒரிகன் பகுதிக்கு அனுப்பிய கோழிகள்தான் அந்த நாட்டில் பெருகின. சுட்டுக் குறைந்தால் வளர்த்து விடலாம் என்ற தைரியம் அங்கே இருக்கிறது. மாத்தளை மலையில் கூவுவது அப்படியல்ல. இலங்கைக் காட்டுக்கோழி ஃபெசன்டின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், மயிலும் அதே குடும்பம்தான். ஆனால் இந்தக் கோழி இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. நாட்டின் தேசியப் பறவையும் அதுவே.

இனி சட்டம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றில் 1993ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தம் முக்கியமானது, ஏனென்றால் கணக்கையே அது தலைகீழாக்கியது. அதற்கு முன் பட்டியலில் பெயர் உள்ள உயிருக்குத்தான் பாதுகாப்பு. அதற்குப் பிறகு பறவை என்றால் பாதுகாப்பு உண்டு, பாதுகாப்பு இல்லாதவற்றின் பெயர்தான் பட்டியலில் வரும். காகம் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய பறவைகளே அந்தப் பட்டியலில் உள்ளன. காட்டுக்கோழி அதில் இல்லை. தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே இருக்கும் உயிர்களுக்கென்றே சட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறது. அது காணியின் உறுதி யார் பெயரில் என்று கேட்பதே இல்லை. மிளகுக் கொடிக்குக் கீழே கிளறிக்கொண்டிருந்தாலும் அது பாதுகாக்கப்பட்ட பறவைதான்.

‘என் காணிக்குள் வந்தது என்னுடையதுதானே?’ என்று மாமா கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் விடை அவருக்குச் சாதகமாக இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில் காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லாத பொருள். காணிக்காரருக்கு நிலம் சொந்தம், மரம் சொந்தம், கொடி சொந்தம். பறந்து வந்து பறந்து போகும் கோழி அவருடையதல்ல. பழைய விதிப்படி அதைப் பிடித்தவனுக்கு அது சொந்தமாகும். அந்தக் கதவைத்தான் கட்டளைச் சட்டம் மூடியது. தன்னிடம் இல்லாத உரிமையை மாமா எப்படி மருமகனுக்குக் கொடுப்பார்?

சுடுவது மட்டும்தான் குற்றம் என்று நினைப்பவர்கள் தோட்டப்புறங்களில் நிறையப் பேர். பிடிப்பது, இறைச்சியை வைத்திருப்பது, விற்பது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே தடை. புதருக்குள் கிடைத்த காட்டுக்கோழி முட்டையைக் கொண்டுவந்து வீட்டுக் கோழிக்கு அடைவைப்பது சில வீடுகளில் பொழுதுபோக்கு. குஞ்சு பொரித்தாலும் பொரிக்காவிட்டாலும் முட்டையை எடுத்த உடனேயே அது குற்றமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு ‘பங்கு’ வாங்கியவரும் தப்ப மாட்டார். துவக்கு, கவண், கண்ணி என்று கருவி மாறினாலும் கதை மாறாது.

சரி, காணி எப்போது கணக்கில் வரும்? மாத்தளை மாவட்டத்தைப் போல இதற்கு விளக்கம் சொல்லத் தோதான இடம் வேறில்லை. கிழக்கே வஸ்கமுவ, 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது, வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. உள்ளே நுழைவதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். துவக்கோடு நுழைந்தால் ஒரு குண்டும் வெடிக்காமலே வழக்கு ரெடி. ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை, இலுக்கும்புர வரை விரியும் நக்கிள்ஸ் மலை வேறு திணைக்களத்துக்குரியது. 2000ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வனத் திணைக்களத்தின் சட்டம், அதாவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்ளும். அனுமதியில்லாமல் நுழைந்தது, வேட்டையாடியது, கண்ணி வைத்தது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள்.

சீகிரியா இன்னொரு ரகம். அது சரணாலயம். சரணாலயத்துக்குள் அரச காணியோடு தனியார் காணியும் இருக்கலாம். மக்கள் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் அந்த வட்டத்துக்குள் தன் சொந்த வளவில் நின்று வேட்டையாடுபவரும் சரணாலயத்துக்குள் வேட்டையாடியவராகத்தான் கூண்டில் நிற்பார். காணி வாங்கும்போது உறுதியை மட்டும் பார்த்துவிட்டு வர்த்தமானியைப் பார்க்காமல் விடுவது பலருடைய பழக்கம். சரணாலய எல்லை உறுதியில் எழுதப்பட்டிருக்காது.

இதில் தோட்டக் காணியின் கதை இன்னும் சுவையானது. ‘கம்பனித் தோட்டம், தனியார் இடம், துரை பார்த்துக்கொள்வார்’ என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பிறகு கம்பனிகளுக்குக் கிடைத்தது நிர்வாகமும் குத்தகையும்தான், பெரும்பாலான தோட்டங்களில் மண் இன்னும் அரசுடையது. ஆகவே தோட்டத்துக் காட்டுத் துண்டில் நிற்பவர் தனியார் நிலத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு அரச நிலத்தில்தான் நிற்கிறார். துரைமார் ஒரு காலத்தில் கோழியும் மானும் சுட்டது உண்மை. அவர்களைப் போன்றவர்கள் சேர்ந்துதான் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தையும் தொடங்கினார்கள். இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் தொடர்ச்சி. சுட்டவர்களே கணக்குப் பார்த்துப் பயந்துபோன வரலாறு அது.

அடுத்தது துவக்கு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கல்ல. மாமாவின் பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்குக் கிடைத்த உரிமத்தை வைத்துக்கொண்டு மருமகன் பழகிப் பார்க்க முடியாது. கொடுத்த மாமாவும் சிக்குவார், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அந்த உரிமமும் போகும். கனடாவிலிருந்து சொந்தத் துவக்கைக் கொண்டுவரும் யோசனை இருந்தால் விமான நிலையத்திலேயே விடுமுறை முடிந்துவிடும். பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதியில்லாமல் சுடுகலன் நாட்டுக்குள் வரக்கூடாது.

‘சுட மாட்டோம், காணி ஓரத்தில் ஒரு சுருக்குக் கம்பி மட்டும் வைக்கிறோம்’ என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. கம்பிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றின் அருகே கட்டியிருந்த கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. மத்திய மலைநாட்டில் மிக அரிதாகவே கண்ணில் படும் விலங்கு. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்கோ முயலுக்கோ வைத்த கம்பியாக இருந்திருக்கலாம், சிறுத்தை விழுந்ததும் வழக்கின் தரமே வேறாகிறது. மாத்தளை மலைகளிலும் சிறுத்தை உண்டு.

கைத்தொலைபேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிதாக வேட்டைக்குப் போகிறவர் முதலில் செய்வது படம் எடுப்பது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் புகுந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை மக்கள் அடித்துக் கொன்றார்கள். அந்த இடம் பூங்காவும் அல்ல, சரணாலயமும் அல்ல. மனிதர்கள் குடியிருக்கும் ஊர். இருந்தும் சமூக ஊடகங்களில் ஓடிய வீடியோவை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டு கைது செய்தார்கள். ஊர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது, ஆனால் அந்த நியாயத்தைச் சொல்ல நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மிளகுக் காணியில் சேவலைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பவருக்கு அந்த நியாயம்கூட இருக்காது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். யால பூங்காவில் பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்த இத்தாலியர் இருவருக்கு 2024 செப்டெம்பரில் 6 கோடி ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. பிடித்தது யானையை அல்ல, பூச்சியை.

மாமாவின் தரப்பிலும் ஒரு வார்த்தை. மிளகும் மரக்கறியும் போட்டவருக்குப் பன்றி, குரங்கு, கீழ்ப்பக்கம் கலேவெல, தம்புள்ளை என்றால் மயிலும் யானையும் தீராத தலைவலி. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் விவசாயிகளைக் கொண்டு குரங்கு, மந்தி, மலை அணில், மயில் ஆகியவற்றை எண்ணச் சொன்னது அரசு. அந்த ஐந்து நிமிடக் கணக்கைக் கேலி செய்தவர்களும் உண்டு, சேதத்தின் அளவை அரசு ஒப்புக்கொண்டதே பெரிது என்றவர்களும் உண்டு. ஆனால் எண்ணியதால் சுட அனுமதி வந்துவிட்டதாக ஊரில் பரவிய பேச்சு பிழை. பயிர்ப் பாதுகாப்புத் துவக்கைக் கையில் கொடுத்துவிட்டு, எதற்கு வெடி வைக்கலாம், எதற்கு வைக்கக்கூடாது என்பதை விவசாயிக்கு விளங்கும் மொழியில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்காதது அதிகாரிகளின் குறை என்றே சொல்ல வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு மாமா எழுத்தில் முறையிட வேண்டிய இடங்கள் கமநல சேவை நிலையமும் பிரதேச செயலகமும். முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்திருப்பது நல்லது. எப்படியானாலும் காட்டுக்கோழி அந்தச் சேதக் கணக்கில் வராது.

டிசம்பரில் வருகிறவருக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்கோழியைப் பார்க்கத் துவக்கு தேவையில்லை, விடிகாலை எழும்பினால் போதும். சேவல் காட்டோரப் பாதைக்கு வந்து கிளறும். செம்மஞ்சள் நெஞ்சு, சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு. அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்கு அதன் கூவல் ‘ஜோர்ஜ் ஜோய்ஸ்’ என்று யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கேட்டதாம். சேவல் சிறகடிக்கும் ஓசையைக் கையால் எழுப்பினால் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று அது வெளியே வரும் என்பதும் பழைய வேட்டைக்காரர்கள் கண்ட வித்தை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நெலுச் செடி பூத்து விதை கொட்டும்போது கோழிகள் அந்தப் பக்கம் கூட்டமாகச் சேரும்.

வஸ்கமுவவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டோடு போகலாம். நக்கிள்ஸ் பாதைகளுக்கு வனத் திணைக்களத்தின் சீட்டு வேண்டும். சீட்டைத் திரும்பும்வரை பைக்குள் வைத்திருக்க வேண்டும், வழியில் கேட்பார்கள். கமெரா கொண்டுபோகலாம். பெரியம்மா மகன் ட்ரோன் கொண்டுவருவதாக இருந்தால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் அதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை அவர் கனடாவிலிருந்து புறப்படுவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.