ஏலக்காய் ஸ்டோரில் வைஃபைப் பலகையின் உபயோகம்

சிலமலை, போடிநாயக்கனூர் சுற்று வட்டாரத்து நிலச்சுவான்தார்களில் பலர் மேற்கேயுள்ள மலைப் பகுதிகளில் ஏலத்தோட்டமும் உடையவர்கள். ஆண்டு முழுவதும் தோட்டத்தில் பட்ட பாட்டின் பலன், பறித்த காயை ஸ்டோரில் உலர்த்தும் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் நிர்ணயமாகிறது. போடியிலும், கேரளத்தைச் சேர்ந்த புற்றடியிலும் நடைபெறும் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் முக்கியமாய்க் கவனிப்பது காயின் பருமனும் பசுமை நிறமுமே. பருமன் தோட்டத்தில் உண்டாவது. பசுமையோ ஸ்டோரில் காப்பாற்றப்படுவது அல்லது இழக்கப்படுவது.

காயை உலர்த்தும்போது உஷ்ணம் 45 முதல் 55 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிற்பது உசிதம். அதற்கு மேற்பட்டால் நிறம் வெளுத்து, காய் வெடித்து, வாசனைத் தைலமும் குறைகிறது. குறைந்தாலோ, உலர்வது தாமதப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்க இடமுண்டாகிறது. அளவுக்கு மிஞ்சி உலர்த்துவதிலும் நஷ்டமே. பச்சைக்காயில் 80 சதவிகிதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ பச்சைக்காயை 10 சதவிகித ஈரம் நிற்க உலர்த்தும்போது ஏறக்குறைய 22 கிலோ சரக்கு கிடைக்கும். அதையே 5 சதவிகிதம் வரை உலர்த்தினால் 21 கிலோதான் தேறும். ஒரு கிலோ ஏலக்காய் புகைபோக்கி வழியே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

இவ்வளவு முக்கியமான உஷ்ணத்தை அநேக ஸ்டோர்களில் கையனுமானத்தாலும், வாசலில் தொங்கும் ஒரே உஷ்ணமானியாலும் அறிகிறார்கள். நள்ளிரவில் அடுப்புக்காரர் கண்ணயர்ந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே நடந்தது என்னவென்று மறுநாள் யாராலும் கூற இயலாது. இக்குறையைச் சொற்பச் செலவில் நீக்கும் ஸாதனம் ஒன்றைப் பற்றி இங்கே விவரிக்கப்படுகிறது.

பலகையின் தன்மை

இது கட்டைவிரல் அகலமுள்ள சிறு மின்னணுப் பலகை. சீன தேசத்து ஷாங்காய் நகரில் 2008-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட எஸ்பிரஸிஃப் என்னும் கம்பெனியார் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266 என்ற சில்லு 2014-ஆம் ஆண்டிலும், அதனினும் வலிமையுள்ள ஈ.எஸ்.பி. 32 என்ற சில்லு 2016-ஆம் ஆண்டிலும் வழக்கத்திற்கு வந்தன. இச்சில்லுகளைத் தாங்கிய பலகைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கணக்கிடும் பகுதி, ஞாபகப் பகுதி, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் வைஃபைப் பகுதி ஆகிய மூன்றும் ஒன்றாய் அமைந்திருப்பதே இதன் விசேஷம். கைப்பேசிக்கு உபயோகிக்கும் சாதாரணச் சார்ஜரே மின்சாரம் கொடுக்கப் போதும்.

பலகை தானாக ஒன்றையும் அறியாது. உணர்கருவியை இணைத்து, இன்ன நேரத்திற்கு ஒரு முறை அளந்து இன்னபடி எழுது என்று கணினியின் மூலம் ஒரு முறை கட்டளைகளைப் பதிந்துவிட்டால், அதன்படியே இரவும் பகலும் செய்துகொண்டிருக்கும்.

வேண்டிய சாமான்கள்

ஈ.எஸ்.பி. 32 பலகை ஒன்று, டி.எஸ். 18 பி 20 என்னும் உஷ்ண உணர்கருவி, உலோக உறையிட்டது மூன்று, 4.7 கிலோ ஓம் தடை ஒன்று. நேரம் காட்டும் கடிகாரச் சில்லு ஒன்று. எச்சரிக்கை மணி ஒன்று. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. இவ்வுணர்கருவி ஒவ்வொன்றுக்கும் தனி எண் பதிந்திருப்பதால், மூன்றையும் ஒரே செய்திக் கம்பியில் இணைக்கலாம். அக்கம்பிக்கும் பலகையின் 3.3 வோல்ட் முனைக்கும் இடையே தடையை வைக்க வேண்டும்.

அமைக்கும் முறை

உணர்கருவிகளை மேல் தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என மூன்று இடங்களில், காயின் மட்டத்தில் கட்ட வேண்டும். உஷ்ணக் குழாயின் மேல் படும்படி வைத்தால் குழாயின் உஷ்ணம் தெரியுமேயன்றிக் காயின் உஷ்ணம் தெரியாது. பலகையை ஸ்டோருக்குள் வைத்தல் கூடாது. பச்சைக்காயிலிருந்து எழும் நீராவி அதைக் கெடுத்துவிடும். பெட்டியில் அடக்கி வெளிச் சுவரில் மாட்டி, உணர்கருவிக் கம்பியை மட்டும் உள்ளே செலுத்த வேண்டும். தகரச் சுவர்கள் வைஃபை அலையைத் தடுக்குமாதலால் அக்காரணத்தாலும் வெளியே வைப்பதே நலம்.

தோட்டத்தில் இணைய வசதி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பலகை தானே ஒரு சிறு வைஃபை வலையை உண்டாக்கும். கைப்பேசியை அதனோடு இணைத்து, அருகில் நின்றபடி கணக்கைப் பார்க்கலாம். கைப்பேசியின் இணையத்தைப் பலகைக்குக் கொடுக்க விரும்புவோர், இவ்விரு சில்லுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும் என்பதை ஞாபகத்தில் வைத்து, கைப்பேசியில் அந்த அலையைத் தெரிந்தெடுக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் பலகைக்கு நேரம் தெரியாதாகையால் கடிகாரச் சில்லு அவசியம்.

பரீட்சித்தல்

எந்த உணர்கருவியையும் பரீட்சியாமல் நம்புதல் தகாது. சந்தையில் போலிகளும் உண்டு. முதலில், நொறுக்கிய பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் ஜலத்தில் மூன்றையும் அமிழ்த்தினால் 0 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு 50 டிகிரி அளவுள்ள வெந்நீரில் ஒரு நல்ல கண்ணாடி உஷ்ணமானியுடன் சேர்த்து அமிழ்த்தி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரை டிகிரி வித்தியாசம் சகஜம். இரண்டு டிகிரிக்கு மேற்பட்டால் அதை ஒதுக்கிவிடலாம். கொதிநீரை 100 டிகிரி என்று கொண்டு பரீட்சிப்பது மலையில் தவறாகும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைவதால், 1,200 மீட்டர் உயரத்தில் ஜலம் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

மூன்று படிகள்

முதற்படி, கணக்கெழுதுதல் மட்டுமே. ஐந்து நிமிஷத்திற்கு ஒரு முறை அளந்தால் ஒரு நாளில் 288 முறை பதிவாகும். இரண்டு மூன்று எடுப்புக்கு இவ்விதம் எழுதி, எந்தப் பதிவின்போது காய் நல்ல பசுமையுடன் வந்தது, எப்போது வெளுத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேல் தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள பேதம் அப்பொழுதே விளங்கும். தட்டு மாற்றும் நேரத்தையும் அதைக் கொண்டு திட்டப்படுத்தலாம்.

இரண்டாம் படி, எச்சரித்தல். உஷ்ணம் 55 டிகிரிக்கு மேற்போனாலும் 45 டிகிரிக்குக் கீழிறங்கினாலும் மணி அடிக்கும்படி செய்யலாம். ஆரம்பத்தில் ஸ்டோர் சூடேறும் வரை மணியை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

மூன்றாம் படி, காற்றாடியைப் பலகையே ஓட்டுதல். முன்னிரண்டும் ஒரு பருவம் முழுவதும் பிழையின்றி நடந்த பிறகே இதில் இறங்கலாம். விறகு அடுப்பில் எரியும் கட்டையைப் பலகையால் வெளியே இழுக்க முடியாது. ஆதலால் அடுப்புக்காரரின் வேலையை இது நீக்கிவிடும் என்று எண்ணக் கூடாது. அவர் கண்ணயர்ந்தால் எழுப்பும் துணை இது.

கூலி உலர்த்தலில் அனுகூலம்

சொந்த ஸ்டோர் இல்லாத சிறு தோட்டக்காரர்கள் பச்சைக்காயைப் பிறர் ஸ்டோரில் கூலிக்கு உலர்த்துகிறார்கள். காய் வெளுத்தோ எடை குறைந்தோ வந்தால், ஸ்டோர்க்காரர் காயின் முதிர்ச்சியைக் குறை கூறுவார். காய்க்குடையவர் அடுப்பைக் குறை கூறுவார். இருவரிடமும் சான்று இல்லை. காயை நிறுத்துக் கொடுத்த எடையுடன் அன்றிரவின் உஷ்ணப் பதிவையும் இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால், வழக்குக்கு இடமே குறைவு. நேர்மையான ஸ்டோர்க்காரருக்கு இதைவிட நற்சான்றும் இல்லை.

எச்சரிக்கைகள்

1. பலகையின் முனைகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 230 வோல்ட் மின்சாரம் ஓடும் காற்றாடி, மோட்டார் முதலியவற்றை ரிலேயின் மூலமாக, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைக்க வேண்டும்.

2. மின்சாரம் நின்றால் பலகையும் நிற்கும். பவர் பாங்க் வைப்பவர்கள், அது சொற்ப மின்னோட்டத்தில் தானே அணைந்துவிடாத வகையா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளவும்.

3. இடி மின்னல் மிகுந்த காலத்தில் நீண்ட கம்பிகள் ஆபத்தானவை. உணர்கருவிக் கம்பி சில மீட்டருக்கு மேற்படாதிருத்தல் நலம்.

4. வைஃபைக்குச் சொந்தமாய்க் கடவுச்சொல் வைக்கவும். பிறர் எழுதிய மாதிரிக் கட்டளைகளில் வரும் சொல்லை அப்படியே விட்டுவைப்பது, ஸ்டோர்ச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமானம்.

5. பழைய கண்ணாடி உஷ்ணமானியைக் கழற்றிவிடக் கூடாது. தினம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

கணினிக் கட்டளை எழுதப் பழகிய வாலிபர்கள் இப்போது பல கிராமங்களில் இருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் அவர்களையும் தோட்டக்காரர்களையும் ஓரிடத்தில் கூட்டி, காய் எடுப்புத் தொடங்குமுன் ஒரு ஸ்டோரில் இப்பலகையை மாதிரியாக அமைத்துக் காட்டச் செய்தால் பெரும் உபகாரமாகும். ஒருவர் ஸ்டோரில் பதிவான கணக்கு, அதே மாதிரி அடுப்புள்ள பத்துப் பேருக்கு வழிகாட்டும்.

காய் எடுப்புக்கு ஒரு மாதம் முன்பே சாமான்களைச் சேகரித்து, வெறும் ஸ்டோரில் ஓர் இரவு தீ மூட்டிப் பார்ப்பது முதல் வேலை. முதற்பறிப்பின் காய் தட்டில் ஏறும் தினத்தில் பலகை புதிதாயிருத்தல் கூடாது.