நாடக விமர்சனத்தின் நியாயம்

கேள்வி: நாடக விமர்சனம் எப்போது நியாயமானதாகும்?
– வாசகர், மொன்றியல்

பதில்: தங்கள் நகரத்து ரிடோ வேர் அரங்கில், 1968 ஆகஸ்டு 28ஆம் தேதி, மிஷேல் திரம்பிளேயின் ‘லே பெல் சேர்’ நாடகம் அரங்கேறியபோது, கடைப் பரிசாகக் கிடைத்த 10 லட்சம் முத்திரைகளைச் சுற்றி நடக்கும் அக்கதையின் 15 பெண்களும் தொழிலாளர் குடியிருப்பின் கொச்சைப் பிரெஞ்சிலேயே பேசக் கேட்டு, விமர்சகர் சிலர் பாஷையின் ஆபாசத்தைக் கண்டித்தார்கள், சிலரோ அற்புத சிருஷ்டியென்று கொண்டாடினார்கள். கண்டிப்பது குற்றமன்று. ஆயினும் அப்பெண்கள் வேறெந்தப் பாஷையில்தான் தம் துக்கத்தைச் சொல்லியிருக்க முடியும் என்று விசாரித்து, ஆசிரியரின் நோக்கம் மேடையில் எவ்வளவு தூரம் சித்தித்தது என்பதை நடிப்பையும் காட்சியமைப்பையும் சாட்சியாக வைத்து எழுதுபவரே நியாயமான விமர்சகர். நம்மவர் நாடகங்களையும், நடித்தவர் நண்பர் என்பதற்காகப் புகழாமல், அவ்வாறே எழுதுங்கள்.