தொலைவிலிருந்து மூட்டைப் பார்த்தல்

வாதம் என்று நாஞ்சில் நாட்டார் ஒரே சொல்லால் வழங்குவது ஒரு நோயன்று. பல நோய்களின் தொகுதியாம். அவற்றுள் முடக்குவாதம், லூபஸ் என்பன, உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே அவ்வுடலைப் பகையெனக் கொண்டு தாக்குவதால் எழுவன. இவை வேரோடு நீங்குதல் அரிது. ஆயினும், மருந்தை விடாதுண்டு, சில திங்கட்கொருமுறை வைத்தியரைக் கண்டு, இரத்தமும் சோதித்து வருவோர் பலர் நெடுநாள் தம் தொழிலைச் செய்து வாழ்கின்றனர்.

அவ்வொழுங்கு 2020 மார்ச்சு 25-ஆம் நாள் அறுந்தது. கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடெங்கும் போக்குவரத்து நின்றது. பத்மநாபபுரம், தக்கலைப் பக்கத்தார் பெருநோய்க்குத் திருவனந்தபுரம் செல்லுதல் பண்டைப் பழக்கம். இராச்சியம் பிரிந்தும் அவ்வழி மாறவில்லை. அவ்வழியோ களியக்காவிளையில் அடைபட்டது. போதாக்குறைக்கு, இம்மருந்துகள் உடலின் எதிர்ப்பைக் குறைக்குமென அஞ்சி அவற்றைத் தாமே நிறுத்தினாரும் உளர். ஸ்டீராய்டை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துதல் உயிர்க்கே கேடாம் என்பதை நாம் மறத்தலாகாது.

அதே மார்ச்சு 25-இல் இந்திய அரசாங்கம் தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டது. பதிவுபெற்ற வைத்தியர் காணொளியாலோ, குரலாலோ, எழுத்தாலோ நோயாளியை விசாரித்து, கையொப்பமிட்ட மருந்துச் சீட்டின் படத்தை அனுப்பலாம் என்பது அவ்விதி. மறுநாளே, லூபஸ் நோயாளர்க்கு இன்றியமையாத ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைச் சீட்டின்றி விற்கலாகாதென மற்றோர் ஆணை பிறந்தது. கொரோனாவைத் தடுக்குமென நம்பிப் பலர் அதனை வாங்கிக் குவித்தமையே காரணம். (அந்நம்பிக்கை பிற்காலத்துச் சோதனைகளில் நிற்கவில்லை.) ஆகவே, தொலைபேசியில் வந்த சீட்டே பலர்க்கு மருந்துக் கடையின் திறவுகோலாயிற்று. கொச்சியிலுள்ள வாதநோய் வைத்தியர் சிலர் வாட்ஸாப் வழியே நோயாளரைப் பார்த்து, அவ்வனுபவத்தை அவ்வாண்டே மருத்துவ இதழில் எழுதினர்.

இனி, தொடாமல் மூட்டை எங்ஙனம் ஆராய்வது? வைத்தியர் முதலில் வினவுவது, காலையில் எழுந்தபின் விறைப்பு எத்துணை நேரம் நிற்கிறதென்பது. கால்மணிக்குள் நீங்கினால் பெரும்பாலும் தேய்மானம். ஒருமணிக்கு மேல் நின்றால் அழற்சி தணியவில்லையென ஐயுறுவர். பின்னர் விரல்களை இறுக மடக்கச் சொல்வர். விரல்நுனி உள்ளங்கையைத் தொடவில்லையேல் அது கண்ணுக்குத் தெரியும். கும்பிடுவதுபோற் கைகளைக் கூப்பி முழங்கைகளை உயர்த்தச் சொன்னால் மணிக்கட்டின் நிலை விளங்கும். ஆனால் வீங்கிய மூட்டு நீரால் மெத்தென்றிருக்கிறதா, எலும்பாற் கடினமா என்பதை வைத்தியரின் விரலே அறியும். படம் அதனைக் காட்டாது. ஆதலின் புதிய நோயாளிக்கும், காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கியவர்க்கும் இம்முறை போதாது. அவர் நேரே ஆஸ்பத்திரி செல்லல் வேண்டும்.

மற்றோர் அபாயம் மெதோட்ரெக்ஸேட் பற்றியது. முடக்குவாதத்திற்கு இதனை வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்பது முறை. தொலைபேசியில் தெளிவின்றிக் கேட்டு நாடோறும் உண்டால் எலும்பு மச்சை கெட்டு மரணமும் நேரும். எனவே எந்தக் கிழமை என்பதையே சீட்டில் எழுதி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்வர் கவனமுள்ள வைத்தியர்.

நம் மாணவரில் பலர் வீட்டில் பாட்டிமார்க்குத் தொலைபேசியைப் பிடித்துக் கொடுப்பவர். அவர்கள் பழைய சீட்டையும் கடைசி இரத்தச் சோதனைத் தாளையும் முன்னரே எடுத்துவைத்து, வெளிச்சம் முதுகுப்புறம் இராமல் கையின்மேல் விழுமாறு சன்னலை நோக்கி அமர்த்துக. பாட்டி மறந்த மாத்திரையின் பெயரை அட்டையைப் பார்த்தே படிக்க. நிறத்தைச் சொல்லி ஊகிக்கவேண்டா.