பண்டிகை நாளில் நண்பர்க்கு விருந்து

விருந்து என்னுஞ் சொற்குப் புதுமை என்பது பொருள். புதிதாய்ப் புனையப்பெறுஞ் செய்யுள் வகையைத் தொல்காப்பியர் விருந்தென்றே வழங்கினர். அப்பெயரே புதியராய் வந்தார்க்கும், அவர்க்கிடும் உணவிற்கும் ஆயிற்று. அங்ஙனமாயின், நாள்தோறும் வகுப்பில் அருகிருக்கும் நண்பரை விருந்தினர் என்றல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்பேம். எம் இல்லத்து வாயிலை அவர் முதன்முறை மிதிக்கும் நாளில் எம் பெற்றோர்க்கு அவர் முற்றும் புதியரே.

கிறிஸ்து பிறப்பு நாளில் நண்பரை உணவிற்கு அழைப்பார் கருதத்தக்கன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

"ஒருநாள் வீட்டிற்கு வாருங்கள்" என்பது அழைப்பன்று. நாளும் நாழிகையுங் குறித்து அழைத்தல் வேண்டும். அப்பொழுதே புலால் உண்ணாதார் யாவர் என வினவியறிக. இலையின்முன் அமர்ந்தபின் வினவுதல் இருவர்க்கும் நாணந் தருவதாம். பரிசில் ஒன்றுங் கொணர வேண்டா எனவுஞ் சொல்லிவிடுக. கையில் பொருளில்லாமையால் வாராதொழியும் நண்பர் உளர். அவர் அதனை வாய்விட்டுரையார்.

அளவைப்பற்றி மிகுதியுங் கூற வேண்டுவதில்லை. ஆளொன்றுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி போதும்.

சமையலிற் கவனிக்க வேண்டுவது கலப்பாகும். மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தலும், இறைச்சிக் குழம்பிலிட்ட அகப்பையைச் சாம்பாரில் இடுதலும் தகா. மரக்கறி உணவை முதலிற் சமைத்து மூடிவைத்தல் எளிய வழி. கேக்கில் முட்டையுண்டு, அச்சுமுறுக்கிலுஞ் சிலர் சேர்ப்பர். பழங்களை மதுவில் ஊறவைத்துச் செய்யுங் கேக்குகளும் உள. இவற்றை உண்ணாத நண்பர்க்கு முன்னரே அறிவித்தல் கடன். இசுலாமிய நண்பர் வருவாராயின் ஹலால் இறைச்சியையே அனைவர்க்கும் வாங்குக.

எனினும் வேறு உணவு உண்பார்க்கு வேண்டுவது வேறு கலமேயன்றி வேறு பந்தியன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவாருளர். 1922-இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலர்க்குத் தனியே உணவளித்தமை, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் பெரும் பூசலாய் மூண்டது. விருந்தோம்பலை ஓரதிகாரமாகக் கொண்ட திருக்குறளை 1916-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அப்பெரியாரே! நூலறிவு அடுக்களை வாயிலிலேயே நின்றுவிடுதலும் உண்டுபோலும். ஆண்டுகள் பல கழிந்தும், நண்பரை அழைக்குமுன் அவர் இன்ன குலத்தாரோ என வீட்டில் வினவும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது. கிறிஸ்தவர் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. அவ்வினாவிற்கு விடையிறாமையே எம்மனோர் செய்யத்தக்கது. இலைகளை ஒரே வரிசையில் விரித்து, நுனி உண்பாரின் இடப்புறம் இருக்குமாறு இட்டு, வந்தவர் வந்தவாறே அமர விடுக.

இனி, அழைப்பவர் யாம்; உழைப்பவர் அன்னையார். வைகறை ஆராதனைக்குச் சென்று மீண்டவுடன் அடுப்பங்கரை புகுந்து, அனைவரும் உண்டபின் ஆறிய சோற்றைத் தனித்திருந்து உண்பவர் அவர். விருந்தெதிர்கொள்ளலைத் தான் இழந்தமைக்குக் கண்ணகி வருந்தினாள் எனக் காட்டிய இளங்கோவடிகளைப் போற்றுகின்றேம். அப்பகுதியை மனப்பாடமுஞ் செய்கின்றேம். வெங்காயம் உரித்துத் தருவதற்கோ எம்மிடம் ஓய்வில்லை! முந்திய இரவே காய்கறி நறுக்கலும், மசாலை அரைத்தலும், பாத்திரந் துலக்கலும் மைந்தர் செயல்களாகுக. பரிமாறுதலை நண்பரிருவர் மாறிமாறி ஏற்கலாம். அன்னையார்க்கும் அதே பந்தியில் ஓரிலை இடுக. முதலில் மறுப்பர், நண்பரே அழைப்பின் மறார்.

எஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். கொதிப்பிலும் மடியாத நுண்ணுயிர் வித்துக்கள் அதிலுள. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சுமிழும். அந்நஞ்சோ மீண்டுஞ் சுடவைப்பினும் எளிதில் அழியாது. ஆதலின் விடுதிக்கு மீளும் நண்பர்க்குச் சோற்றுப் பொட்டலம் வேண்டா. முந்திரிக்கொத்துக் கட்டிக் கொடுக்க, அது சில நாள் கெடாதிருக்கும், அறைத்தோழர்க்கும் பயன்படும்.