பழைய பலகையில் ஒரு மூவர்ணக் கொடி: டார்ச்சை ஓரமா வைங்க

மரவேலை வீடியோ பார்க்கிற பழக்கம் இருந்தா ஒரு தடவையாவது இது உங்க கண்ணில் பட்டிருக்கும்: பழைய பலகையில் செய்த அமெரிக்கக் கொடி. 13 பட்டைகள் அறுத்து, கேஸ் டார்ச்சால் லேசாகக் கருக்கி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சிவப்பும் நீலமும் பூசி, மூலையில் 50 நட்சத்திரம் செதுக்கி சுவரில் மாட்டுவாங்க.

போன வருஷம் ஆகஸ்ட் 15-க்கு அதே ஸ்டைலில் நம்ம கொடியைச் செய்து டிபார்ட்மென்ட் வராண்டாவில் மாட்டலாம்னு நாங்க நாலு பேர் கிளம்பினோம். இடம், ஐயப்பன்தாங்கலில் எங்க ரூமின் மொட்டை மாடி. பலகை ரெடி, டார்ச் ரெடி. துணி எடுக்க மேலே வந்த ஹவுஸ் ஓனர் மாமா, "என்னப்பா பண்றீங்க?" என்றார். "தேசியக் கொடி செய்றோம் மாமா, இப்ப எரிக்கப் போறோம்" என்றான் எங்க ஆள். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படி இருக்குன்னு எங்களுக்கே உறைத்தது. மாமா சிரிக்கவே இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தோம். நீங்களும் படிச்சுடுங்க, ஏன்னா இந்த புராஜெக்ட்டின் டிசைனே அதில்தான் இருக்கு. 2002-இன் கொடிச் சட்டத் தொகுப்பு கொடி என்றால் துணி என்றுதான் பேசுகிறது. 2021 டிசம்பர் திருத்தத்தில் பாலியெஸ்டரும் மெஷின் தயாரிப்பும் சேர்ந்தன, மரம் அதில் இல்லை. 'அப்ப மரக்கொடி கொடியே இல்லை, என்ன வேணா பண்ணலாம்'னு நினைக்காதீங்க. தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971 எந்தப் பொருளில் செய்த கொடி உருவத்தையும் கொடியாகவே கணக்கில் எடுக்கிறது. பொது இடத்தில் அதை எரிப்பதும் சிதைப்பதும் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே எதிர்ப்பைக் காட்டக் கொடியை எரிப்பதுகூட பேச்சுரிமைதான் என்று அவங்க உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பு சொல்லிவிட்டது.

"வண்ணம் பூசறதுக்கு முன்னாடி அது வெறும் பலகைதானே, பலகையைக் கருக்கினா என்ன?" என்று எங்களில் ஒருவன் வாதாடினான். வாதம் சரிதான். ஆனா கிழிந்த, அலங்கோலமான கொடியைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்றும் அதே தொகுப்பு சொல்லுது. கருகின ஓரம், ஆணி ஓட்டை, பெயர்ந்த பெயின்ட் எல்லாம் அமெரிக்க மாடலில் அழகு, இங்கே அதுவே பிரச்சினை. என் முடிவு: மரத்தின் ரேகை தெரியட்டும், அது இயற்கை. காயம் தெரிய வேண்டாம். பழைய தோற்றம் வேணும்னா அதை வெளி ஃபிரேமுக்குக் கொடுங்க.

இனி வேலை. பழைய பேக்கிங் பேலட் பலகை போதும். அதில் கோதுமைக்கதிர் படத்தோட ஒரு முத்திரை இருக்கும். 'ஹெச்டி' என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீங்க. முத்திரை இருக்கிற பக்கம் பின்னால் போகட்டும், அல்லது இழைப்புளி போட்டு எடுத்துடுங்க. கொடியில் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது.

அளவு எதுவானாலும் நீளம், உயரம் 3:2 விகிதம். அதிகாரப்பூர்வ அளவுகளில் 450 × 300 மி.மீ. நமக்குச் சரியா இருக்கும், அதற்கு அசோகச் சக்கரத்தின் விட்டம் 90 மி.மீ. கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி இருக்கு. 12 அடிக்கு 8 அடி, அதே 3:2.

இங்கேதான் நாங்க சொதப்பினோம். 100 மி.மீ. பலகையை நடுவில் கிழித்தால் இரண்டு 50 கிடைக்கும்னு நினைச்சோம். ரம்பத்தின் வாய் 3 மி.மீ. தின்னுடுச்சு. கிடைத்தது 48.5. ஆறு பட்டை சேர்த்தா உயரம் 291, நீளம் 450, விகிதம் 1.55. நீளத்தை 436-க்கு வெட்டித்தான் சரிக்கட்டினோம். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம், வெட்கமாத்தான் இருந்தது. இதோட இன்னொரு தப்பு: வெள்ளைப் பட்டையையும் இரண்டாகச் சேர்த்ததால் இணைப்புக் கோடு சக்கரத்தின் நடுவிலேயே ஓடியது. வெள்ளைக்கு 100 மி.மீ. பலகை ஒன்றை முழுசாகவே வைங்க. காவிக்கும் பச்சைக்கும் மட்டும் இரண்டிரண்டு 50 மி.மீ. பட்டைகள், அதுவும் கொஞ்சம் அகலமான பலகையிலிருந்து.

ரேகை எடுக்க டார்ச் தேவையே இல்லை. பைன் மரத்தில் வெளிர் வளையம் மெத்து, கருத்த வளையம் கெட்டி. நெருப்பு செய்ததும் மெத்தானதை முதலில் தின்பதுதான். கம்பி பிரஷ்ஷை ரேகை போகிற திசையிலேயே அழுத்தித் தேய்த்தால் அதே மேடு பள்ளம் வரும். கை வலிக்கும். ஆணி ஓட்டைகளை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போடுங்க.

பின்பக்கம் இரண்டு குறுக்குச் சட்டம். ஃபெவிகால் பூசி இறுக்கி ஒட்டிடாதீங்க. ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் பலகை அகலவாட்டில் சுமார் கால் சதவீதம் அசையும். மே வெயிலுக்கும் நவம்பர் மழைக்கும் 4 சதவீதம் வித்தியாசம்னு வைத்தாலும் 300 மி.மீ.-இல் 3 மி.மீ. அதைத் தடுத்தா பலகை வெடிக்கும். சட்டத்தில் ஓட்டையை நீளவாக்கில் போட்டு ஸ்க்ரூ மாட்டுங்க, மரம் நகர்ந்துக்கும்.

அக்ரிலிக் பெயின்டில் சமபங்கு தண்ணீர் கலந்து பூசினால் ரேகை மறையாது. வெள்ளைக்கு மட்டும் இரண்டு கோட், பைனின் மஞ்சள் எட்டிப் பார்க்கும். சக்கரத்துக்குப் பாகைமானி வேண்டாம். வட்டம் வரைந்து, காம்பஸை விரிவு மாற்றாமல் சுற்றி வைத்தால் ஆறு புள்ளி. ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் 12, மறுபடி பாதியாக்கினால் 24 ஆரம். கடற்படை நீலத்தை இரண்டாம் நம்பர் பிரஷ்ஷில் எடுத்து, மூச்சைப் பிடிச்சு வரையுங்க.

ஃபிரேமுக்கு ஒரு கெமிஸ்ட்ரி. இரும்புக் கம்பிப் பஞ்சை வினிகரில் ஒரு நாள் ஊற வைங்க, மூடியை இறுக்காம. பைனில் டானின் குறைவு, அதனால முதலில் திக்கான டீ டிகாக்ஷன் பூசி, காய்ந்ததும் இந்தத் தண்ணீரைப் பூசுங்க. கொஞ்ச நேரத்தில் பலகை சாம்பல் கறுப்பாகும், ஐம்பது வருஷப் பழசு மாதிரி. நெருப்பே இல்லை.

மாட்டும்போது காவி மேலே. செங்குத்தாக மாட்ட வேண்டிய இடம்னா பார்க்கிறவங்களுக்கு இடது பக்கம் காவி வரணும். ஒரே ஆணியில் தொங்கவிட்டா காற்றில் சாயும், இரண்டு கொக்கி போடுங்க.

எங்க கொடி இப்ப வராண்டாவில் இருக்கு, நடுவில் கோடு ஓடுகிற சக்கரத்தோட. இரண்டாவதை 50 மி.மீ. சரியா வெட்டி முடிச்சு மாமாவுக்குக் கொடுத்தோம். ஹாலில் மாட்டியிருக்கார், டேப் வைத்து அளந்து பார்த்துட்டுத்தான்.