துறைமுகத் தொழிலாளி உலகச் சாம்பியன்

கேள்வி: துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவர் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியனானார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: உண்மைதான். அவர் ஜாக் ஜோன்சன். 1878இல் அமெரிக்காவின் கல்வெஸ்டன் துறைமுக நகரில் பிறந்தவர். பெற்றோர் முன்னாள் அடிமைகள். இளமையில் அங்கேயே துறைமுகத் தொழிலாளியாக இருந்தார்.

அந்நாளில் வெள்ளையின ஹெவிவெயிட் சாம்பியன்கள் கறுப்பினத்தவரோடு பட்டத்துக்காக மோத மறுத்தார்கள். ஜோன்சன் விடவில்லை. சாம்பியன் டொமி பேர்ன்ஸைத் துரத்திக்கொண்டு அவுஸ்திரேலியா வரை போனார். 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் போட்டி நடந்தது. பேர்ன்ஸ் அடி தாங்காமல் தள்ளாட, 14ஆவது சுற்றில் பொலிஸார் அதை நிறுத்தினர். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் பிறந்தார்.

அவரை வீழ்த்துவதற்கென்றே, ஓய்வுபெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரிஸை அழைத்துவந்தார்கள். 1910 ஜூலை 4இல் ரீனோ நகரில் அவரும் தோற்றார். அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக்கலவரம் வெடித்து, உயிர்கள் பலியாயின.

வளையத்தில் வெல்ல முடியாதவரை வழக்கில் மாட்டினார்கள். வெள்ளைக்காரப் பெண்ணோடு மாநில எல்லை கடந்தார் என்று 1913இல் தண்டித்தார்கள். நாட்டைவிட்டுத் தப்பினார், 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். 1920இல் சரணடைந்து சிறை சென்றார். 1946இல் கார் விபத்தில் இறந்தார். மன்னிப்பு வந்தது 2018இல்.

இன்னொன்று: நம் பார்னி ஹென்றிகஸ் 1938 பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் குத்துச்சண்டைத் தங்கம் வென்றதும் அதே சிட்னியில்தான்.