கோட்டையை ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் பஸ் ஏறி கிருஷ்ணகிரியை நெருங்கினா மலைமேல கோட்டை தெரியும். இந்தக் கோட்டையையோ ராயக்கோட்டையையோ விஆர்-ல காட்டலாம்னு ப்ராஜெக்ட் யோசிக்கிறீங்களா? நல்ல ஐடியாதான். ஆனா நம்ம பக்கத்துப் போர்களை மக்களுக்குள்ளே நிற்க வைச்சுக் காட்டுற வேலையை 1800-லேயே ஒருத்தர் செஞ்சுட்டார்.

ராபர்ட் கெர் போர்ட்டர். அப்போ அவருக்கு வயசு இருபத்திரண்டு, இருபத்திமூணுதான். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததை நூறு அடிக்கும் மேல் நீளமான துணியில் வரைஞ்சு, லண்டன் லைசியத்தில் அரைவட்டமா நிறுத்தினார். நடுவுல நின்னா போர்க்களத்துக்குள்ள இருக்கிற மாதிரி. ஹெட்செட் இல்லாத விஆர்! ஆனா பார்க்கிறவர் நிற்கிறது கோட்டையைத் தாக்குறவங்க பக்கம். நாயகன் டேவிட் பெயர்ட்.

அதே பெயர்ட் 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூர்ல தோத்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூணு வருஷத்துக்கு மேல கைதியா இருந்தவர். அந்தப் போரைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்க வரைய வைச்சார். அதுல கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கார், வெடிமருந்து வண்டி வெடிக்குது, மைசூர் குதிரைப்படை சுத்தி வளைக்குது. (அந்தச் சுவரோவியம் பிரிட்டிஷ் காலத்திலேயே திரும்பத் தீட்டப்பட்டது. இன்னிக்கு நாம பார்க்கிறது முழுக்க பழைய சாயம் இல்லை.) ரெண்டு படமும் ஆளை உள்ளே இழுக்குது. கேமராவை எங்கே வைச்சாங்கங்கிறதுதான் வித்தியாசம்.

நம்ம பாராமகால் விஷயத்துக்கு வருவோம். ராயக்கோட்டையை 1791-ல் கம்பெனிப் படை பிடிச்சது. 1792 ஒப்பந்தத்தில் பாராமகாலே கைமாறியது. அதே வருஷம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சித்தப்பாவும் பையனும் வந்து இந்த மலைக்கோட்டைகளை வரைஞ்சாங்க. கேமரா அப்ஸ்குரா வைச்சு வேலை செஞ்சவங்க, அதனால அளவெல்லாம் நம்பகமா தோணும். நெட்டில் தேடினா முதல்ல கிடைக்கிறதும் அவங்க படம்தான். அதை அப்படியே 3டி மாடலுக்குப் பின்னணியா ஒட்டிடாதீங்க. ஜெயிச்ச பிறகு ஊரைச் சுத்திப் பார்க்க வந்தவங்களோட பார்வை அது.

போட்டோகிராமெட்ரிக்கு அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும், அது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வர்றது அதுக்கு அடுத்த ஸ்டெப். யூசர் எங்கே நிற்கணும்? ஒரு வியூவை டேனியல் கோணத்திலேயே கீழே வையுங்க. இன்னொண்ணை கொத்தளத்து மேல வையுங்க, படை ஏறி வர்றதைக் காவல்காரன் பார்த்திருக்கக்கூடிய இடத்தில். ஒரே பட்டனில் மாறட்டும்.

ட்ரோன் எடுத்துட்டு நேரா ஏறிடாதீங்க. ரெண்டு கோட்டையும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கு, அனுமதி வாங்கணும். லெட்டரை இப்பவே எழுதி வைங்க.